அங்கே மூட்டு இல்லை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் எலும்புக்கூடுகளோடு போட்டி போட்டுக்கொண்டுதான் இருக்கிறாயா? சின்ன வயதில் உன்னை 'எலும்பா' என்று கூப்பிட்ட நேரமோ என்னவோ, வேலையும் அப்படியே அமைந்துவிட்டது. என் தம்பி மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு செய்கிறான் என்றால், சலவை நிலையத்தில் இன்னும் யாரும் நம்புவதில்லை.

அதனால்தான் உன்னிடம் ஒரு சந்தேகம். என்னோடு மடிப்பு மேசையில் நிற்பவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? இடது கைக்காரி, அவள் மடித்த விரிப்பெல்லாம் திரும்பியே உட்காரும். அவளுக்குக் கழுத்துக்குக் கீழே, காறை எலும்பு நெஞ்சில் வந்து முடிகிற இடத்தில் ஒரு புடைப்பு. பாதிக் கோலிக்குண்டு அளவு. கல் மாதிரி இருக்கிறதாம். சிவப்பு இல்லை, சூடு இல்லை. ஈரத்துணி மூட்டை தூக்கிய நாளில் சாயங்காலமானால் வலிக்கும், மற்றபடி சும்மா இருக்கும். அந்த இடத்தில் உள்ளே என்ன இருக்கிறது? தினமும் அதைக் கையில் வைத்துப் பார்க்கிறவன் நீதானே.

இன்னொரு விஷயம். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவரிடம் என் கண்ணாடியைச் சரி செய்யக் கொடுத்திருந்தேன். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன். சேர்ந்து இருந்தா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அவசரமில்ல" என்றார். லென்ஸ் மாற்றலாமா என்று கேட்கிற அதே குரல்! சிரிப்பதா ஓடுவதா என்று தெரியாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு இது தேவையா? ஆனால் உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பிடித்திருக்கிறது.

போன் செய்யாதே. நீ கிண்டல் செய்தே என்னை ஒரு வழி பண்ணிவிடுவாய். கடிதம் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

வலது தோளைத் தவிர மற்ற பாகங்கள் எல்லாம் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

முதலில் முக்கியமானது. சரி என்று சொல்லிவிடு. அத்தான் போன பிறகு நீ சிரித்து எழுதிய முதல் கடிதம் இது. எனக்கு ஒரு கல்யாணமும் அமையவில்லை, உனக்கு இரண்டாவது தானாகத் தேடி வருகிறது. கல்யாணத்துக்கு ஒரு முழு எலும்புக்கூடு பரிசாகத் தருகிறேன், வரவேற்பறையில் நிற்க வையுங்கள்.

அடுத்து உன் மடிப்பு மேசைக்காரி. இது என் கோட்டை, கேள். நான் இங்கே சேர்ந்ததிலிருந்து மேசை மேல் வைக்கிற மாடலில் நெஞ்சுக்கூடுதான் என் வேலை. காறை எலும்புக்கு மூட்டு என்று ஒன்று இருந்தால் அது வெளிமுனையில், தோள்பட்டை எலும்போடு சேருகிற இடத்தில். அங்கே ஒரு திருகு போடுவோம். உள்முனையில் ஒன்றும் கிடையாது. காறை, நெஞ்செலும்பு, விலா எல்லாம் ஒரே வார்ப்பு, அச்சிலிருந்து ஒன்றாகத்தான் வெளியே வரும். அங்கே மூட்டு இல்லை. மூட்டு இல்லாத இடத்தில் மூட்டுவாதம் எப்படி வரும்? அதனால் அது மூட்டுவாதம் இல்லை என்று அவளிடம் தைரியமாகச் சொல்.

அசல் கேஸ் நான்தான். எனக்கு வலிப்பது சரியாக அந்தத் திருகு போடுகிற வெளிமுனை. வலது கையை நீட்டி இடது தோளைச் சொறிய முடியவில்லை. அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் தோளைக் கயிறு போட்டுக் கட்டியது போல இருக்கும், பட்டறையில் வேலை ஓட ஓடத்தான் இளகும். கூடுகளைத் தலைக்கு மேலே கொக்கியில் மாட்டி மாட்டித் தேய்ந்திருக்கும் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். போதாக்குறைக்கு இந்தப் பிளாஸ்டிக் தூள். காதுக்குப் பின்னால், முழங்கையில், தலையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, குளித்தாலும் போவதில்லை. அரம் போட்டுப் போட்டு நகமெல்லாம் குண்டூசியால் குத்தியது போலக் குழி. தொழில் செய்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும்.

கண்ணாடிக்காரருக்கு என் வணக்கம்.
உன் எலும்பன்

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நலம்தான். பதில் தாமதமாகிவிட்டது. விடுதிகளில் கூட்டம், விரிப்புகள் மலையாக வருகின்றன.

நீ எழுதியதை அவளிடம் சொன்னேன். ஒன்று மட்டும் கேட்கச் சொன்னாள். மூட்டு இல்லாத இடத்தில் எலும்பு தானாகப் புடைத்தால் அதற்கு என்ன பெயர்? மூட்டை தூக்குகிற வலது கைப் பக்கம் மட்டும்தான். முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதாம். சீருடையில் மேல் பட்டனைப் போட்டு மறைத்துக்கொள்கிறாள். உனக்குத் தெரியாவிட்டால் விட்டுவிடு.

கண்ணாடிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்க. கண்ணாடி லூசானா மட்டும் வாங்க" என்றார். நீயும் கேட்காதே.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நலம், நீ எப்படி என்று கேட்டால் உண்மையான பதில் வருமா?

கேட்காதே என்றால் நான் கேட்காமல் விட்டுவிடுவேனா? 'பிடித்திருக்கிறது' என்று எழுதிய அதே கை இரண்டே மாதத்தில் 'வேண்டாம்' என்று எழுதுகிறது. நடுவில் என்ன நடந்தது? அவர் ஏதாவது தப்பாகப் பேசினாரா? சொல், வந்து ஒரு கை பார்க்கிறேன். இடது கைதான், வலது கையைத் தூக்க முடியாது. போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்கிறது.

உன் சிநேகிதி கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. பட்டறையில் எலும்பு புடைத்து வந்தால் அச்சில் கோளாறு, அரம் போட்டுச் சீவிவிடுவோம். மனுஷிக்கு அப்படிச் செய்ய முடியாதே. டாக்டரிடம் போகச் சொல். மூட்டு இல்லாத இடம் என்பதால்தான் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

அடுத்த மாதம் என்னை முழு உருவப் பகுதிக்கு மாற்றுகிறார்கள். ஆள் உயரக் கூடுகள். இன்னும் உயரமான கொக்கி, என் தோள் பாடு திண்டாட்டம்.

பதில் போடு. ஒரு வரியாவது போடு.
தம்பி

மே 5

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். உன் கேள்விக்கு இதுதான் உண்மையான பதில்.

டாக்டரிடம் போகச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள். போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும் என்கிறாள். எனக்கு அது புரிகிறது. அத்தானுக்கும் தொண்டையில் சின்னக் கட்டியாகத்தானே ஆரம்பித்தது. மூன்று வருடம் அவர் படுக்கைக்கு நான் விரிப்பு மாற்றினேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தொழிலே அதுதானே. ஆனால் அவருக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தெரிந்தே இன்னொரு மனிதரைக் கூப்பிட்டு வந்து அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்க வைக்கலாமா? அது நியாயமா? அவளைத்தான் சொல்கிறேன்.

என் தையல் மிஷினைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே சும்மா இடத்தை அடைக்கிறது. உனக்கு உபயோகப்படும். பெரிய கம்பளியையும் கூட வைத்திருக்கிறேன்.

நன்றாக இரு.
அக்கா

மே 19

அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நான் ஒரு வடிகட்டின முட்டாள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், நீ தேட வேண்டாம்.

முழு உருவப் பகுதியில் எனக்கு முதல் வாரம். இங்கே ஒவ்வொரு எலும்பும் தனித்தனி. மளமளவென்று நெஞ்சுக்கூடுகளைப் பூட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், தட்டில் சின்னச் சின்ன வட்டத் தகடுகள் மிஞ்சிக் கிடக்கின்றன. பட்டன் மாதிரி, ரப்பர் மாதிரி. மேற்பார்வை அம்மாவிடம் கொண்டு போய், "உதிரி கூடுதலா வந்திருக்கும்மா" என்றேன். அந்த அம்மா தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன கூடு முடிச்சீங்க?"

"எல்லாமே முடிச்சாச்சு."

"எல்லாத்தையும் கழட்டுங்க. இது காறை எலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவுல போற தட்டு."

"அங்க மூட்டே இல்லையேம்மா!"

"யார் சொன்னது? ஒரு கை மொத்தத்தையும் உடம்போட சேர்த்துப் பிடிக்கிற எலும்பு மூட்டே அது ஒண்ணுதான்."

மேசை மாடலில் ஒரே வார்ப்பாக இருக்கிறதே என்றேன். அது மலிவுப் பொம்மை, ஒன்றாக ஊற்றினால் வேலை மிச்சம் என்றார். அக்கா, நான் இத்தனை வருடமாக அந்தப் பொம்மையை மனுஷன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்! அங்கே மூட்டுவாதம் வருமா என்று கேட்டேன். "மூட்டு இருந்தா வாதம் வராதா என்ன?" என்று போய்விட்டார்.

நீயே பார். கழுத்துக் குழிக்குப் பக்கத்தில், காறை எலும்பின் உள்முனையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அந்தக் கையைத் தூக்கு. அசைகிறதா? நான் கூடுகளுக்கு நடுவில் நின்று தூக்கித் தூக்கிப் பார்த்தேன், மற்றவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

இப்போது கேள். உன் மடிப்பு மேசைக்காரி இடது கைக்காரி. மூட்டை தூக்குகிற வலது கைப் பக்கம் புடைப்பு என்று நீ எழுதினாய். இடது கைக்காரி ஏன் வலது கையால் மூட்டை தூக்குகிறாள்? நன்றாக இருக்கிறவள் தன் தையல் மிஷினை எதற்குத் தம்பிக்கு அனுப்பிவைக்கிறாள்? அது நீதான். இந்தக் கடித உறைக்குள் ஒரு தகடு வைத்திருக்கிறேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போ. அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் இல்லை என்று சொன்னது இருக்கிறது. அது மட்டும் தெரியும்.

உன் தம்பி

ஜூன் 8

அக்காவுக்கு,

தையல் மிஷின் வந்துவிட்டது. நீ வரவில்லை, உன் பதிலும் வரவில்லை. சனிக்கிழமை ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன்.

தம்பி

ஜூன் 12

என் எலும்பனுக்கு,

உடனே வர வேண்டாம், பதிவை ரத்து செய். நான் நலம். இந்தத் தடவை பொய் இல்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே விரலை வைத்துக் கையைத் தூக்கினேன். அசைந்தது. சமையலறையில் நின்று எத்தனை தடவை தூக்கினேன் என்று தெரியாது. மறுநாள் போய்விட்டேன். எக்ஸ்ரே, பிறகு ஸ்கேன். முடிவு வருகிற வரை எழுத வேண்டாம் என்று இருந்தேன். உன்னைத் தவிக்க விட்டது தப்புதான், ஆனால் என்னவென்று எழுதுவேன்?

மூட்டு டாக்டர் ஒரு சின்னப் பெண். உன் தகட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். "திடீர்னு சிவந்து சூடாச்சா? காய்ச்சல் வந்துச்சா?" இல்லை என்றேன். அப்படி வந்தால் கிருமி புகுந்திருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதாம். "ரெண்டு பக்கமும் வீங்குதா? காலையில விரலை மடக்க முடியலையா?" அதுவும் இல்லை. இருந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டுமாம். "தோல்ல செதில் உதிருதா? நகத்துல குழி விழுந்திருக்கா? காலையில வலி அதிகமா இருந்து, வேலை செய்யச் செய்யக் குறையுதா?" எனக்கு அதுவும் இல்லை. படங்களை எல்லாம் பார்த்துவிட்டு, "தேய்மானம்மா. மாதவிடாய் நின்னவங்க, பாரம் தூக்குறவங்களுக்கு இந்த இடத்துல இப்படிப் புடைக்கும். பாதிப் பேர் கட்டின்னு பயந்துட்டுதான் வருவாங்க" என்றாள். மூட்டையைக் குறைத்துத் தூக்க வேண்டும், வலித்தால் மாத்திரை. அவ்வளவுதான். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிழைத்தேனே என்று சந்தோஷம், வீணாகப் போன மாதங்களை நினைத்தால் ஆத்திரம், எல்லாம் சேர்ந்துகொண்டது.

இப்போது நீ சொல். அந்த மூன்றாவது கேள்வியை அவள் கேட்டதும் எனக்கு யார் ஞாபகம் வந்தது? என் தேய்மானம் வேலை செய்தால் வலிக்கிறது, ஓய்வில் அடங்குகிறது. உன்னுடையது ஏன் காலையில் கட்டிப் போட்டு, வேலையில் இளகுகிறது? அப்படி ஒரு தலைகீழ்த் தேய்மானமா? பட்டறைத் தூள் என்கிறாய். போன வருடம் நீ இங்கே வந்து ஒரு வாரம் தங்கினாயே, இங்கே ஏது அரம், ஏது தூள்? கிளம்பிய நாளில் உன் தலையணை உறையில் அதே வெள்ளைச் செதில். அன்றைக்கு ஒன்றும் தோன்றாமல் உதறித் துவைத்துவிட்டேன். டாக்டரிடம் சொன்னேன். "அவரை வரச் சொல்லுங்க, இல்லன்னா அங்கயே யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. சும்மா விடக் கூடாது" என்றாள்.

போய்ப் பார்த்துவிட்டு எழுது. நீ என்னை விரட்டியது போல நானும் விரட்டுவேன்.
அக்கா

ஜூலை 3

அக்காவுக்கு,

நீ சொன்னது நடந்துவிட்டது. கடவுள் புண்ணியத்தில் நீ நன்றாக இரு, நான் மாத்திரை சாப்பிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். சலவைக்காரி எனக்கு நோய் கண்டுபிடிக்கிறாளா என்று நினைத்தேன். மூட்டு விஷயத்தில் என் லட்சணம் ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். லீவு போட்டுப் பட்டறைப் பக்கமே போகாமல் அறையிலேயே இருந்தேன். தினமும் காலையில் தலையணையைப் பார்த்தேன். தூள் இல்லாத அறையிலும் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது.

டாக்டர் முதலில் தோளைப் பார்க்கவில்லை, காதை மடக்கிப் பின்னால் பார்த்தார், அப்புறம் நகத்தை. சொரியாசிஸ் என்கிற செதில் நோயோடு சேர்ந்து வருகிற மூட்டுவாதமாம். காறை எலும்பின் எந்த முனைக்கும் வருமாம், எனக்கு வெளிமுனையைப் பிடித்திருக்கிறது. உனக்கு எழுதாத ஒரு குதிகால் வலியும் உண்டு, செருப்பின் குற்றம் என்று நினைத்திருந்தேன், அதுவும் இதே குடும்பம்தானாம். "தேய்மானம்னு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தீங்கன்னா மூட்டு அரிச்சுப் போயிருக்கும்" என்றார். இப்போது மாத்திரை, ரத்தப் பரிசோதனை, மறுபடியும் மாத்திரை. காலையில் தோளைக் கட்டுகிற கயிறு கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கிறது, என் ஆசையாகவும் இருக்கலாம்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒரே எலும்பு. நீ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சாகப் போகிறேன் என்று மிஷினை அனுப்பினாய், உனக்கு வந்தது சாது. நான் மறு முனையைப் பிடித்துக்கொண்டு தொழில் தேய்மானம் என்று பெருமையடித்தேன், எனக்கு வந்ததுதான் வம்பு.

சரி, கண்ணாடிக்காரரிடம் போனாயா? போகாமல் சாக்குச் சொன்னால் நான் பொறுக்கமாட்டேன். நான் அங்கே மூட்டு இல்லை என்று எழுதியதால்தான் நீ அவரை வேண்டாம் என்றாய். அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

தம்பி

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரையை நேரத்துக்குப் போடு. தலையணை உறையைத் தினமும் மாற்று. உன் தோளைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

போனேன். கண்ணாடி லூசாகவே இல்லை, நானே திருகைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் கண்ணாடியை வாங்கி, திருகை முறுக்கிக்கொண்டே, "இது தானா லூசாகாதே" என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புடைப்பு, அத்தான், மூன்று வருடம், உன் ஒரே வார்ப்பு, டாக்டர், எல்லாம். உன் தகட்டைக்கூட எடுத்துக் காட்டினேன். அதை லென்ஸ் தட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா என்னை வேண்டாம்னீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றேன்.

"எனக்கு முதல்லயே தெரியுமே. மூக்குல ஃப்ரேம் சரியா உக்காருதான்னு குனிஞ்சு பார்த்தேன் பாருங்க, அன்னிக்கே கண்ணுல பட்டுச்சு. அதுக்கு அப்புறம்தான் உங்ககிட்ட கேட்டேன்."

அது என்னவென்று அவருக்கும்தானே தெரியாது? எதுவாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாமே?

"அப்ப என்னன்னு ஏன் கேக்கல?"

"அடுத்த தடவை வந்தப்ப மேல் பட்டனைப் போட்டிருந்தீங்க" என்றார்.

அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை, பதிவு அலுவலகத்தில். அழைப்பிதழ் எல்லாம் இல்லை, நீதான் சாட்சிக் கையெழுத்து. வலது கை மேசை வரை வந்தால் போதும். எலும்புக்கூடு கொண்டு வராதே, என் தையல் மிஷினைத் திருப்பிக் கொண்டு வா. கடைக்குத் திரைச்சீலை தைக்க வேண்டும்.

மேல் பட்டனை இப்போது போடுவதில்லை. இங்கே வெயில் அதிகம்.

அக்கா